அவர் கையில் நான் கட்டிய பிரஷ்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோனது. அந்தக் கையைத் திரும்ப வேலை செய்ய வைத்தவள் நான்தான். எங்கள் சர்ச் பங்கில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். எப்படிச் செய்தேன் என்று மட்டும் யாரும் சரியாகக் கேட்கவில்லை. ஒரே ஒருவரிடம் நானாகப் போய்ச் சொன்னேன். அவர் அதைப் பாவமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

என் கணவர் வேடசந்தூர் ரோட்டில் ஒரு நூல் மில்லில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக இருந்து ரிட்டையர் ஆனவர். நான் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. மில்லில் மெஷின் மேல் பஞ்சுத் தூசி நிற்கிறதா என்று ஆள்காட்டி விரலை வைத்து இழுத்துப் பார்ப்பார். தூசி இருந்தால் அந்த மெஷினில் நிற்கிற ஆளைக் கூப்பிட்டு, விரலை அவன் மூக்குக்கு நேராக நீட்டிக்கொண்டு ஒன்றும் பேசாமல் நிற்பாராம். அவன் தலையைக் குனிகிற வரைக்கும் நிற்பாராம். இதை அவரே பெருமையாகச் சொல்லுவார். அதே விரல் வீட்டிலும் நடமாடியது. ஜன்னல் கம்பி, மிக்ஸியின் அடிப்பக்கம், பீரோவின் மேல்தட்டு. முப்பது வருஷத்தில் அவர் என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. விரலைத்தான் நீட்டுவார். அதோடு ஒரு கேள்வி. "இதான் நீ தொடச்ச லட்சணமா, டீச்சர்?"

எங்கள் மகன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். அவர் ரிட்டையர் ஆன வருஷம் பெரிய லீவில் நாங்கள் இருவரும் போய் அவனோடு தங்கினோம். அங்கே வீட்டுப் பின்பக்கம் இரும்பு அடுப்பு வைத்து, விறகு போட்டு எரித்து, தணலில் கறி சுடுகிறார்கள். ஆண்கள் சுடுகிறார்கள், சுற்றி நிற்கிறவர்கள் பாராட்டுகிறார்கள். இவருக்கு அது ரொம்பவும் பிடித்துப்போனது. ஊர் திரும்பிய வாரமே வெல்டிங் பட்டறைக்குப் போய், கூடவே நின்று, அதே மாதிரி ஒன்று செய்து வாங்கினார்.

இடுப்பு உயரத்துக்கு நாலு கால். மேலே நீளமான இரும்புப் பெட்டி, உள்ளே சூடு தாங்குகிற செங்கல் பதித்தது. பெட்டிக்கு மேல் இரண்டு கம்பிச் சட்டங்கள் சங்கிலியில் தொங்கும். பக்கத்தில் உள்ள சக்கரத்தைச் சுற்றினால் சட்டம் ஏறும், இறங்கும். முன்னால் கொழுப்பு வடிந்து ஓட ஒரு சின்ன வாய்க்கால், அதன் முனையில் ஒரு தகர டப்பா. பின்வாசலில் வேப்பமரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் அதை இறக்கி வைத்தார்கள். கிரில் என்றே எல்லோரும் சொன்னோம்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் தங்கை, தன் வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். எரியோட்டுப் பக்கமிருந்து கறி வரும். அகரத்திலிருந்து ஒருவர் புளிய விறகும் கருவேல விறகும் கொண்டுவந்து போடுவார். நான் முதல் நாளே மிளகும் சின்ன வெங்காயமும் இஞ்சியும் அரைத்துத் தடவி ஊறவைத்துவிடுவேன். சோறு, ரசம், தொட்டுக்க வெஞ்சனம் எல்லாம் என் வேலை. அவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு சக்கரத்தைச் சுற்றுவார். "எங்கண்ணன் கை பட்டாலே ருசிதான்" என்பாள் தங்கை.

கிரில்லைச் சுத்தம் செய்வதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சுட்டு முடித்த கையோடு, கம்பி வெதுவெதுப்பாக இருக்கும்போதே சுரண்டிவிட வேண்டும். பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டு, கம்பி மேல் ஓட்டினால் கரி தானாக உரிந்து வரும். பத்து நிமிஷ வேலை. ஆறவிட்டால் கொழுப்பும் கரியும் சேர்ந்து தார் மாதிரி இறுகிவிடும், பிறகு ஒரு மணி நேரம் ஆனாலும் போகாது. இதை நான் இரண்டாவது வாரமே கண்டுபிடித்துவிட்டேன். அவர் விடவில்லை.

"விருந்தாளுக உக்காந்து சாப்பிடுறப்ப நீ அங்க நின்னு சரக்கு சரக்குன்னு சுரண்டிக்கிட்டு இருப்பியா? அசிங்கமா இல்ல? காலையில பாத்துக்க."

ஆக, திங்கட்கிழமை விடிந்ததும் பள்ளிக்கூடம் கிளம்புமுன் நான் பின்வாசலில் நிற்பேன். முதலில் சாம்பலை அள்ள வேண்டும். மேலே பார்க்க வெள்ளையாக ஆறிக்கிடக்கும், கிளறினால் உள்ளே கங்கு கண் விழிக்கும். அதைத் தகர வாளியில் போட்டு ஓரமாக வைத்துவிட்டு, சட்டத்தைக் கழற்றி, சோடா உப்பு கரைத்த வெந்நீரில் நனைத்து, பட்டை பிளேடால் சுரண்டி, இரும்பு பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு கம்பியையும் நாலு பக்கமும் தேய்க்க வேண்டும். பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த முள் எதுவும் கம்பியில் ஒட்டியிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கறியோடு யார் தொண்டைக்குள்ளாவது போய்விடும். கடைசியில் துடைத்து, காயவைத்து, துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூச வேண்டும். ஈரக்கையோடு சாம்பலைத் தொட்டால் சாம்பல்தண்ணி தோலை அரித்துவிடும். என் விரல்நுனிகள் வெடித்து, சாக்பீஸ் பிடிக்கும்போது எரியும். கரும்பலகையில் வட்டம் வரையும்போது பிள்ளைகள் என் நகக்கண்ணைப் பார்ப்பார்கள். ஒரு பிள்ளை, "டீச்சர், உங்க வீட்ல மெக்கானிக் ஷாப் இருக்கா?" என்று கேட்டது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அடுத்த ஞாயிறு காலை அவர் கிரில் முன்னால் வந்து நின்று விரலை ஓட்டுவார்.

ஒரு வருஷம், ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஞாயிறு. எல்லோரும் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கோயில் நிர்வாகம் பார்க்கிற பங்குப்பேரவை ஆட்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். அவர் சட்டத்தின் அடிப்பக்கம் விரலை விட்டு இழுத்தார். விரல் கறுத்திருந்தது. என்னைக் கூப்பிட்டார். நான் சோற்றுக் கரண்டியோடு போய் நின்றேன். விரலை நீட்டுவார் என்று நினைத்தேன். அவர் அந்தக் கரியை என் நெற்றியில் வைத்து, மேலிருந்து கீழாக ஒன்று, குறுக்கே ஒன்று என்று சிலுவை போட்டார்.

"டீச்சருக்குத் திருநீற்றுப் புதன் முன்னாடியே வந்துருச்சு," என்றார். தபசு தொடங்குகிற அந்தப் புதனன்று கோயிலில் சாமியார் சாம்பலால் நெற்றியில் சிலுவை போடுவார்.

எல்லோரும் சிரித்தார்கள். தங்கைக்குப் புரையேறிவிட்டது. நான் அதைத் துடைக்கவில்லை. அந்த நெற்றியோடே எல்லோருக்கும் பரிமாறினேன். யாராவது ஒருவர் "தொடச்சுக்கங்க மதினி" என்று சொல்வார்கள் என்று பார்த்தேன். கறி நன்றாக வெந்திருப்பதைப் பற்றித்தான் பேசினார்கள்.

இன்னொரு ஞாயிறு, மழை தூறத் தொடங்கியது. சாம்பல் நனைந்தால் பெட்டி அரித்துப்போகும், சட்டத்தைக் கழற்றிச் சாம்பலை அள்ள வேண்டும். "ஆறிருச்சு, தூக்கு," என்றார் அவர். நான் இரண்டு கையாலும் தூக்கினேன். ஆறவில்லை. கீழே போட்டால் செங்கல் உடையும் என்று, அதைக் கொண்டுபோய்த் தரையில் வைத்துவிட்டுத்தான் கையை விட்டேன். இரண்டு உள்ளங்கையிலும் கோடு கோடாகக் கொப்புளம். அவர் என் கையைப் பார்த்துவிட்டு, "துணி பிடிச்சுத் தூக்கணும்னு தெரியாதா? அம்புட்டு வருஷம் என்னத்தப் பாடம் நடத்துன?" என்றார். ஆறவில்லை என்று தெரிந்தே தூக்கச் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? அதை நான் நாலு வருஷம் யோசித்தேன். தெரிந்துதான் சொன்னார் என்று முடிவு செய்துகொண்டேன். அப்படி முடிவு செய்வது எனக்குப் பின்னால் வசதியாக இருந்தது.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், ஐப்பசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் குளியலறையில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். வீட்டுக்குக் கூட்டிவரும்போது வலது கையும் காலும் விழுந்திருந்தன. வாய் கோணியிருந்தது. பேச்சு போய்விட்டது. நாம் சொல்வது எல்லாம் அவருக்குப் புரியும், பதில் சொல்ல வாயைத் திறந்தால் ஒரு முனகல்தான் வரும். டாக்டர் என்னிடம் ஒன்று சொன்னார். "இவங்களுக்கு அழுகை சட்டுனு வரும்மா. காரணமே இருக்காது. மூளையில அடிபட்டதால வர்றது. அதப் பாத்து நீங்க மனசு உடைஞ்சு போகாதீங்க."

நான் உடைந்துபோகவில்லை. அந்த வார்த்தையைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டுக்கு ஒரு பிசியோதெரபி பெண் வந்தாள். கலகலப்பானவள். கையை மடக்கி நீட்டிவிட்டு, பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்லுவாள். அவர் பந்தைக் கீழே போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். மூன்றாவது மாதம் அவள் என்னிடம், "ஐயாவுக்கு விளையாட்டுப் பொருள் கொடுத்தா கோவம் வருதும்மா. அவருக்குப் பழக்கமான வேலை ஏதாவது கொடுங்க. பிடிக்கிறது, தேய்க்கிறது, சுரண்டுறது. தினமும் செய்யணும். விட்டுறக் கூடாது. கொஞ்சம் கண்டிப்பா இருங்க," என்றாள்.

தேய்க்கிறது, சுரண்டுறது. அவள் போன பிறகு நான் பின்வாசலுக்குப் போனேன்.

கிரில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அவர் விழுந்ததற்கு முந்திய ஞாயிறு சுட்ட சாம்பல் அள்ளாமலே இருந்தது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, சாம்பல் சேறாகி, பெட்டியின் அடித்தகட்டை அரித்திருந்தது. கம்பிகளில் துரு செதில் செதிலாக நின்றது. கொழுப்பு டப்பாவில் எறும்பும் புழுவுமாக இருந்தது. நான் அதையெல்லாம் பார்த்தபோது எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பின்வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு சட்டத்தைக் கழற்றி, அவர் மடியில் சாக்கை விரித்து, அதன் மேல் வைத்தேன். வலது கை விரல்களைப் பிரித்து, இரும்பு பிரஷ்ஷின் பிடியை உள்ளே வைத்து, விரல்களை மடக்கி, பழைய சேலைக் கிழிசலால் சுற்றிக் கட்டினேன். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளச் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். பிரஷ்ஷைப் பார்த்தார். புரிந்துவிட்டது. அழத் தொடங்கினார்.

"மூளையில அடிபட்டதால வர்றது," என்று சத்தமாகச் சொன்னேன். "தேய்ங்க."

முதல் நாள் ஒரு கம்பிகூட முடியவில்லை. ஒரு வாரத்தில் மூன்று கம்பி ஆனது. நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். பதினொரு மணிக்கு வேப்பமர நிழல் அவரை விட்டு விலகிவிடும். நான் என் நாற்காலியை நிழலுக்கு நகர்த்திக்கொள்வேன், அவருடையதை நகர்த்த மாட்டேன். தாகத்துக்கு நாக்கை நீட்டிக் காட்டுவார். "இந்தக் கம்பி முடியட்டும்," என்பேன். கொடுக்காமல் இருந்ததில்லை. கம்பி முடிந்த பிறகு கொடுப்பேன். முடிந்ததும் எழுந்து போய் என் ஆள்காட்டி விரலைக் கம்பியின் அடிப்பக்கம் வைத்து இழுப்பேன். துரு ஒட்டியிருக்கும். அதை அவர் மூக்குக்கு நேராக நீட்டி, அவர் தலை குனிகிற வரைக்கும் நிற்பேன்.

"இதான் நீங்க தேய்ச்ச லட்சணமா, சூப்பர்வைசர்?"

பிறகு விரலை அவருடைய வெள்ளைச் சட்டையில் துடைப்பேன். அந்தச் சட்டையைத் துவைக்கப்போகிறவளும் நானே என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

ஒருநாள் பிசியோதெரபி பெண் வந்திருந்தபோது, அவர் தேய்த்துக்கொண்டிருந்தார். பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த ஒரு முள் அவருடைய வலது உள்ளங்கையில் ஏறிவிட்டது. அதுவரை அந்தக் கையில் எதைக் குத்தினாலும் அவருக்குத் தெரியாது. அன்றைக்குச் சட்டென்று கையை இழுத்து, வாய்விட்டுக் கத்தினார். அந்தப் பெண் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்குதா ஐயா? நெசமா வலிக்குதா?"

அவர் தலையாட்டினார், கண்ணில் தண்ணீர்.

"சூப்பர் ஐயா! சூப்பர்! உணர்ச்சி திரும்பிருச்சும்மா!" அவள் துள்ளிக் குதித்தாள். என்னைக் கட்டிப்பிடித்தாள். அவள் மறந்துவிட்டாள், நான் மறக்கவில்லை, முள் இன்னும் அவர் கையிலேயே இருந்தது. அவள் தன் போனில் அவர் தேய்ப்பதை வீடியோ எடுத்துக்கொண்டு போனாள். மற்ற நோயாளிகளின் வீட்டில் காட்டுவதற்காம்.

பங்குனி முடிவதற்குள் இரண்டு சட்டமும் சுத்தமாகிவிட்டன. நானே சொல்கிறேன், நான் தேய்த்த காலத்தில் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. பெட்டியின் உள்பக்கத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார். சக்கரத்தின் பல்லில் இருந்த பிசுக்கைக்கூட ஒரு குச்சியால் நோண்டி எடுத்திருந்தார். சேலைக் கிழிசல் இனித் தேவையில்லை, வலது கை தானாகவே பிரஷ்ஷைப் பிடித்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. முடிந்துவிட்டது, இனி உள்ளே போகலாம் என்று.

நான் கடைக்குப் போய் ஆட்டுக் கொழுப்பும் அரைக் கிலோ கறியும் வாங்கிவந்தேன். விறகு அடுக்கி, தீ மூட்டி, தணலானதும் கொழுப்பைக் கம்பி மேல் போட்டேன். அது உருகி வடிந்து, தணலில் சொட்டிப் புகைந்து, அவர் இரண்டு மாதம் தேய்த்த கம்பியெல்லாம் கறுத்தது. அழுக்காக்குவதற்காகவே அதைச் செய்தேன். கறியைச் சுட்டு, அவருக்கு எதிரே உட்கார்ந்து நானே தின்றேன். டாக்டர் அவருக்குக் கறி கூடாது என்று சொல்லியிருந்தார். அவருக்கு ரசத்தில் கரைத்த சோறு கொடுத்தேன். வாசனைக்கு அவர் வாயிலிருந்து எச்சில் வடிந்தது. துடைத்துவிட்டேன். சூடாக இருக்கும்போதே சுரண்டிவிடலாமே என்று அவர் பிரஷ்ஷுக்குக் கையை நீட்டினார். நான் அதை எடுத்து வைத்துக்கொண்டேன்.

"இப்ப வேண்டாம். காலையில பாத்துக்கங்க."

அதன் பிறகு வாரம் ஒருமுறை அப்படிச் செய்தேன்.

சித்திரையில் அவர் தங்கை வந்தாள். அவர் விழுந்த பிறகு அவள் வருவது குறைந்திருந்தது. பின்வாசலில் அண்ணன் வலது கையால் இரும்பைத் தேய்ப்பதைப் பார்த்ததும் என் காலடியில் உட்கார்ந்து அழுதாள். "நீங்க மனுஷியே இல்ல மதினி, தெய்வம். நானா இருந்தா இம்புட்டுப் பொறுமை வராது." அவள் அழுதுகொண்டிருக்கும்போது அவர் ஒரு கம்பியை முடித்துவிட்டு, என்னைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"ஆச்சா?"

தெளிவாக வந்தது. விழுந்த பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை. தங்கை அழுகையை நிறுத்திவிட்டு, "அண்ணே! பேசிட்டியா அண்ணே!" என்று அவர் கன்னத்தைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தபடியே மறுபடியும் கேட்டார். "ஆச்சா?" நான் சரி என்று சொல்லும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

எங்கள் தெருவில் பங்குக் குடும்பங்கள் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டத்தில் என்னைச் சாட்சியம் சொல்லச் சொன்னார்கள். நோயாளியை எப்படி அன்போடு பார்த்துக்கொள்வது என்று. நான் எழுந்து நின்று, "தினமும் ஒரே நேரத்துக்குச் செய்யணும். விட்டுறக் கூடாது," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கைதட்டினார்கள். ஒரு அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் கையை உருவிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். புதிதாக வந்த இளம் சாமியார். நிழல், தண்ணீர், கொழுப்பு, சட்டையில் துடைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் விடவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு அவர், "கை நல்லா வந்துருச்சாம்மா?" என்று கேட்டார்.

"வந்துருச்சு ஃபாதர்."

"அப்ப அது சிகிச்சைதானேம்மா? கூட இருந்து பாத்துக்கிறவங்களுக்குக் கோபம் வர்றது சகஜம். நீங்க ரொம்பக் களைச்சுப்போயிருக்கீங்க. ஒங்களையே நீங்க இப்படி வருத்திக்கக் கூடாது."

"நான் சந்தோஷமா செஞ்சேன் ஃபாதர்."

"அன்பா செய்றவங்களுக்குச் சந்தோஷம் வரத்தான் செய்யும்," என்று அருள் நிறைந்த மரியே செபத்தை மூன்று முறை சொல்லச் சொல்லி அனுப்பினார். நான் வெளியே வந்து கோயில் படியில் உட்கார்ந்தேன். திட்டியிருந்தால் அன்றைக்கே விட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது.

மகன் வாரம் ஒருமுறை வீடியோவில் கூப்பிடுவான். வைகாசியில் ஒரு ஞாயிறு, அவர் கொஞ்சம் கொஞ்சம் பேசத் தொடங்கிய சமயம், அவனே கேட்டான். "ப்பா, அம்மா உங்கள நல்லா பாத்துக்கிறாங்களா?"

போன் என் கையில்தான் இருந்தது. திரையில் அவன் முகமும், ஓரத்தில் சின்னதாக அவர் முகமும் தெரிந்தன. அவர் வாயைத் திறந்தார். மூடினார். கண்ணை உயர்த்தி, போனுக்கு மேலே தெரிந்த என் முகத்தைப் பார்த்தார். சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லிவிடட்டும் என்றுகூட ஒரு நொடி இருந்தது.

"நல்லா... நல்லா," என்றார். சிரித்தும் காட்டினார்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் என் அம்மா போனில் "மாப்பிள்ள நல்லா வச்சிருக்காராடி?" என்று கேட்கும்போதெல்லாம், அவர் பக்கத்தில் நின்றால், நான் அப்படித்தான் சிரித்துக்கொண்டு நல்லா என்பேன். அந்த ஒரு வார்த்தையை எப்படிச் சொல்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பயந்தால் தானாக வருகிறது. மகன், "சூப்பர்ப்பா," என்று சொல்லிப் போனை வைத்தான். அவர் உடனே சிரிப்பை நிறுத்திவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

அன்றைக்கே பிரஷ்ஷையும் பட்டை பிளேடையும் எடுத்துப் பரணில் போட்டேன். கிரில் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன். "போதுங்க. இனிமே தேய்க்க வேண்டாம். கை நல்லாயிருச்சு," என்றேன். அவர் தலையாட்டினார்.

மறுநாள் காலை நான் குளித்துவிட்டு வரும்போது அறையில் அவர் இல்லை. ஒன்பது மணி. அறைக்குள் நடந்து பழகுகிற வாக்கரைப் பிடித்து நடந்து, பின்வாசல் படி இரண்டையும் எப்படியோ இறங்கிப் போயிருந்தார். அதற்கு முன் அவர் தனியாகப் படி இறங்கியதே இல்லை. தார்ப்பாயின் கயிற்றைப் பல்லால் அவிழ்த்திருந்தார். பிரஷ் இல்லாததால் கம்பியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் ரத்தம். நான் கையைப் பிடித்தேன்.

"வேண்டாங்க. நெசமாத்தான் சொல்றேன். விட்டுருங்க."

அவருக்கு உடம்பு நடுங்கியது. "ஆச்சா? ஆச்சா?" என்று கேட்டார். ஆச்சு என்றேன். நம்பவில்லை. நான் சோதித்துப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். கறியும் கொழுப்பும் போட்டு மறுபடி மறுபடி அழுக்காக்கிய ஆளை எப்படி நம்புவார்? கைகூப்பினேன். என் வாழ்க்கையில் அவரிடம் முதல்முறையாக, "என்னை மன்னிச்சிருங்க," என்று சொன்னேன். அவர் அதைக் கேட்டு இன்னும் பயந்து, இன்னும் வேகமாகச் சுரண்டினார். கடைசியில் நான் பரணில் ஏறி, நகம் போகாமல் இருக்கட்டும் என்று பிரஷ்ஷை எடுத்துவந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். நடுக்கம் நின்றது.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் கிரில்லில் அதற்குப் பிறகு தீ மூட்டவே இல்லை. அவர் தினமும் ஒன்பது மணிக்குப் போகிறார், வெறும் இரும்பைத் தேய்க்கிறார். இப்போது என் நாற்காலி அங்கே கிடையாது. அவர் நாற்காலியை நிழலோடு நிழலாக நகர்த்துகிறேன். நான் நகர்த்தும்போதெல்லாம் அவர் தோள் சுருங்குகிறது. தண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் வைத்தால், ஒரு கம்பி முடிகிறவரை அதைத் தொடமாட்டேன் என்கிறார். மாதம் ஒருமுறை அவர் தூங்கும்போது நான் போய் சட்டத்துக்கு நல்லெண்ணெய் பூசிவிட்டு வருகிறேன். தினமும் தேய்த்துத் தேய்த்துக் கம்பிகள் மெலிந்துவிட்டன. நடுவில் ஒன்று தீட்டிய பென்சில் மாதிரி ஆகிவிட்டது.

போன மாதம் பழைய இரும்பு எடுக்கிறவரை வரச் சொன்னேன். கண்ணில் படாவிட்டால் மறந்துவிடுவார் என்று ஒரு எண்ணம். இரும்புக்காரர் தன் வண்டியைப் பின்பக்கச் சந்தில் நிறுத்திவிட்டு, கூட ஒரு ஆளோடு வந்தார். இருவரும் பெட்டியின் இரண்டு முனையையும் பிடித்துத் தூக்கினார்கள். என் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்து, சங்கிலியை வலது கையால் பிடித்துக்கொண்டார். நான் விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். வந்த இருவரும் பக்குவமாகச் சொல்லிப் பார்த்து, பிறகு அவர்களும் பிரித்துப் பார்த்தார்கள். முடியவில்லை. அவர் சத்தம் போடவில்லை. யாரையும் பார்க்கவும் இல்லை. சங்கிலியைப் பிடித்தபடி கம்பியில் துரு இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்.

இரும்புக்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வேர்வையைத் துடைத்தார்.

"விட்ருங்கம்மா, பாவம். ஐயாவுக்கு இது மேல அம்புட்டுப் பிரியமா?"

"ஆமா," என்றேன். "அம்புட்டுப் பிரியம்."

அவர் வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.